நாலு மணிப் பலகாரத்துக்குத் துணை

உடம்புக்காக மூலிகைத் தேநீர் குடிக்கிறவன் இல்லை நான். பலகாரத்துக்காகக் குடிக்கிறவன். இதை வெளியில் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். எங்கள் குடியிருப்பில் காலையில் நடக்க வருகிறவர்கள் பிளாஸ்க்கில் துளசி, ஆவாரம்பூ என்று கொண்டுவருவார்கள். சர்க்கரை எவ்வளவு இறங்கியது, கொழுப்பு எவ்வளவு குறைந்தது என்று பேசிக்கொள்வார்கள். நான் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். எது முறுக்கோடு போகும், எது போகாது என்பதைத் தவிர எனக்கு அந்த விஷயத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

தூக்கம் வராமல்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. மாத்திரை கேட்டுப் போனேன். மருத்துவர் என் சாயங்காலக் காபியில் கை வைத்தார். குடித்த கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் குடித்தால் பத்து மணிக்கு எப்படித் தூக்கம் வரும் என்று கேட்டார். டீக்கும் அதே கதிதான். இரண்டையும் மதியத்தோடு நிறுத்தினேன். காபி இல்லாமல் இருக்க முடிந்தது. காபி இல்லாமல் பஜ்ஜி தின்னத்தான் முடியவில்லை.

திருநெல்வேலிக்காரனுக்கு நாலு மணிப் பலகாரம் என்பது விட்டுக்கொடுக்கிற காரியமில்லை. தட்டில் என்னவோ ஒன்று இருக்கும். பக்கத்தில் டம்ளர் இருக்கும். ஒரு கடி, ஒரு வாய். காபியின் கசப்பும் சூடும் நாக்கில் படிந்த எண்ணெயை எடுத்துவிட்டு அடுத்த கடிக்கு இடம் பண்ணித் தரும். அந்த டம்ளரை எடுத்துவிட்டுப் பார்த்தேன். மூன்றாவது வாழைக்காய் பஜ்ஜியிலேயே திகட்டியது. எத்தனை காலமாக அந்தப் பஜ்ஜிகளைக் காபிதான் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது என்று அப்போது தெரிந்தது.

"அதான் டப்பா டப்பாவா மூலிகை டீ விக்கிறானே, வாங்கிட்டு வாங்களேன்" என்றாள் என் மனைவி. வாங்கி வந்தேன். முதலில் கெமோமைல். உளுந்த வடையோடு குடித்தேன். தேங்காய்ப் பல்லும் மிளகும் போட்ட வடைக்குப் பக்கத்தில் அந்த டீ இருந்த இடமே தெரியவில்லை. வெந்நீரில் எங்கிருந்தோ ஒரு பூ வாசனை, அவ்வளவுதான். மருந்து என்று நினைத்துக் குடித்திருந்தால் பொறுத்திருப்பேன். எனக்கு வேண்டியது வடைக்குத் துணை.

பிறகுதான் சுக்கு காபிக்கு வந்தேன். வீட்டுச் சரக்கை விட்டுவிட்டு ஊரெல்லாம் தேடுவது நம் வழக்கம். அம்மா சுக்கை அப்படியே தட்டிப் போடமாட்டாள். கத்தியால் தோலைச் சீவி எடுத்த பிறகுதான் அம்மிக்குப் போகும். சுக்குக்கு வெளியே நஞ்சு, கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு என்பது அவள் கணக்கு. மல்லியை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுப்பாள். நாலு மிளகு, ஒரு ஏலக்காய். தண்ணீர் கொதித்து நிறம் இறங்கியதும் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, கரைந்த பிறகு துணியில் வடிகட்டுவாள். கருப்பட்டி என்றால் அடியில் கொஞ்சம் மண் நிற்கத்தான் செய்யும். தெருவில் சைக்கிள் கேரியரில் கேன் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் விற்பதில் பாதிக்குமேல் வெல்லமும் சர்க்கரையும்தான். அதன் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் கருப்பட்டி போட்டால் வருகிற அந்த லேசான புகை வாசனை அதில் வராது.

இதோடு சாத்தூர் காராச்சேவு வைத்துத் தின்ன உட்கார்ந்தேன். இரண்டு வாய்க்குள் காது மடல் சூடாகிவிட்டது. கண்ணில் தண்ணீர். சேவும் நல்ல சேவு, காபியும் நல்ல காபி. சேர்ந்தால் இரண்டையும் வாயில் வைக்க முடியவில்லை. ஏன் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மிளகாயின் உறைப்பை நமக்கு உணர்த்துகிற நரம்பு வாசல் ஒன்று இருக்கிறது. டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். 2021-இல் மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் படாபூடியனோடு பகிர்ந்துகொண்டார் ஜூலியஸ். அந்த வாசல் கொதிசூட்டுக்கும் திறக்கும், மிளகாய்க்கும் திறக்கும், இஞ்சிக்கும் திறக்கும். இஞ்சி காய்ந்து சுக்காகும்போது அதில் இருக்கும் ஜிஞ்சராலில் ஒரு பகுதி ஷோகாவால் என்ற இன்னும் உறைப்பான பொருளாக மாறிவிடுகிறது. ஆக, ஆவி பறக்கிற சுக்கு காபியையும் காராச்சேவையும் சேர்த்துத் தின்கிறவன் ஒரே கதவை மூன்று பேரைவிட்டுத் தட்டச் சொல்கிறான்.

சுக்குக்கு வேண்டியது உறைப்பில்லாத, மாவுச்சத்துள்ள, கொஞ்சம் நெய்யோ தேங்காயோ உள்ள பண்டம். ஷோகாவால் தண்ணீரைவிடக் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். அதனால் தேங்காய் சேர்ந்தால் உறைப்பின் முனை மழுங்கி, வாசனை மட்டும் நிற்கும். இலைக் கொழுக்கட்டை நன்றாகப் போகும். அவித்த மரவள்ளிக்கிழங்கு போகும். எல்லாவற்றுக்கும் மேலே பனங்கிழங்கு. தை பிறக்கும் சமயத்தில் ஊரிலிருந்து கட்டுக் கட்டாக வரும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, தோலுரித்து, நாரை இழுத்துப் போட்டுவிட்டு ஒடித்துத் தின்கிற கிழங்கு. அது தானாக இனிக்காது. மண்வாசனையோடு வாயில் மாவாக நிற்கும். அதன் மேல் ஒரு வாய் கருப்பட்டி போட்ட சுக்கு காபி. கிழங்கும் பனை, கருப்பட்டியும் பனை. இதை யாரும் உட்கார்ந்து யோசித்துச் சேர்த்திருக்கமாட்டார்கள். தேரிக்காட்டுப் பக்கம் இரண்டும் ஒரே வீட்டில் இருந்திருக்கும், அதனால் சேர்ந்திருக்கும்.

இந்த இடத்தில் மாடி வீட்டு அக்காவைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர். ஒருநாள் இருமிக்கொண்டு நின்றேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் பனங்கட்டித் துண்டு. நான் துண்டை எடுத்துக் கோப்பைக்குள் போடப்போனேன். "ஐயோ தம்பி, அதுக்குள்ள போடாதேங்கோ. ஒரு கடி கடிச்சுப்போட்டு ஒரு மிடறு குடியுங்கோ" என்றார்.

எனக்கு இது புதிது. இனிப்பைக் கரைத்துவிட்டால் முதல் வாயிலிருந்து கடைசி வாய்வரை ஒரே ருசிதான். வாயில் வைத்துக்கொண்டு குடித்தால் முதலில் இனிப்பு, அதன் மேல் மல்லியின் வாசம், கடைசியில் தொண்டையில் இஞ்சி என்று ஒவ்வொன்றாக வரும். பனங்கட்டி கரையக் கரைய ஒவ்வொரு மிடறும் வேறு ருசி. சர்க்கரையும் குறைவாகத்தான் செலவாகிறது. அந்தத் துண்டில் பாதி மிச்சமிருந்தது. இலங்கையில் சிங்களவர்களும் இப்படித்தான், வில்வப்பூவையும் ஆவாரம்பூவையும் அவித்த நீரைக் கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள் என்று அக்கா சொன்னார். ஜப்பானியர்கள் தேநீர்ச் சடங்கில் மாச்சாவைக் கையில் எடுக்கும் முன்பே இனிப்பைத் தின்று முடிப்பதும் இந்த வகைதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த மூலிகை டீயிலும் சர்க்கரை விழுவதில்லை. இனிப்பு தட்டில் இருக்கும்.

ஆவாரம்பூவுக்கு இந்த முறை ரொம்பப் பொருந்துகிறது. அந்தப் பூவில் ஒரு துவர்ப்பு உண்டு. ஆவாரம்பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்துவார்கள். அந்தத் துவர்ப்பின் சாயல் பூவிலும் கொஞ்சம் இருக்கிறது. வெறுமனே குடித்தால் நாக்கு வறண்டுபோகும். கோவில்பட்டி கடலைமிட்டாயை ஒரு கடி கடித்துவிட்டுக் குடித்தால் கடலையின் எண்ணெய் அந்த வறட்சியை ஏற்றுக்கொள்கிறது. மிட்டாயின் பிசுபிசுப்பைத் துவர்ப்பு எடுத்துவிடுகிறது. 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்த மிட்டாய் அது. ஆனால் குறியீடு இல்லாத பெட்டிக்கடை மிட்டாய்க்கும் ஆவாரம்பூ பாகுபாடு காட்டாது.

இனிப்பைக் கடித்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களைச் சிறுகுறிஞ்சான் வந்து கவிழ்த்தது.

அது ஒரு தீபாவளி. மாமாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய சிறுகுறிஞ்சான் இலையைக் கொண்டுவந்து, தனக்குப் போட்டதோடு நிற்காமல் எல்லாருக்கும் ஆளுக்கு அரை டம்ளர் ஊற்றிவிட்டார். கசப்புதான். ஆனால் வேப்பிலை அளவுக்கு இல்லை. வாயில் நன்றாக அலைய விட்டுக் குடிக்கச் சொன்னார். குடித்தோம். அத்தை அப்போதுதான் மைசூர்பா துண்டு போட்டுத் தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தாள். அத்தையின் மைசூர்பா எங்கள் பக்கத்தில் பேர் பெற்றது. நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நெய் இருக்கிறது. கடலைமாவு இருக்கிறது. இனிப்பு இல்லை. குறைவு என்றால் சொல்லலாம், இல்லவே இல்லை. சர்க்கரை இருக்க வேண்டிய இடத்தில் பல்லில் நறநறவென்று மணல் மாதிரி ஏதோ அரைபட்டது. எதிரே என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவளும் மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். யாரும் பேசவில்லை.

"என்னய்யா, எப்படி இருக்கு?" என்றாள் அத்தை.

"நெய் நல்லா மணக்குது அத்தை" என்றேன்.

அத்தை தானும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். அவளும் அரை டம்ளர் குடித்திருந்தாள். அவள் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது. "பாகுதானே காய்ச்சினேன்... சீனி டப்பாவுல எவன் எதைக் கொட்டி வச்சான்?" என்று அடுக்களைக்கு ஓடினாள். சீனியைக் கையில் எடுத்து நக்கிப் பார்த்தாள். அதுவும் இனிக்கவில்லை. கடைக்காரனை ஒரு பாடு திட்டித் தீர்த்தாள். மாமா சோபாவில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முதலிலேயே தெரியும்.

சிறுகுறிஞ்சானில் இருக்கும் ஜிம்னெமிக் அமிலம் நாக்கில் இனிப்பை உணர்கிற ஏற்பிகளைப் போய் அடைத்துக்கொள்கிறது. அதற்குமேல் சர்க்கரை, தேன், வெல்லம் எதுவும் நாக்குக்குத் தெரியாது. உப்பு, புளிப்பு, கசப்பு அப்படியே தெரியும். அரை மணி நேரமோ கொஞ்சம் கூடவோ இருந்துவிட்டுத் தானாக விலகும். சர்க்கரைக்கொல்லி என்று அந்தச் செடிக்கு ஒரு பெயர் உண்டு. உடம்பில் இருக்கும் சர்க்கரையை என்ன செய்கிறதோ, அது மாமாவும் அவர் மருத்துவரும் பேச வேண்டியது. தாம்பாளத்துச் சர்க்கரையைக் கொன்றதற்கு நான் சாட்சி. அன்று சாயங்காலம் அதே மைசூர்பாவைத் தின்றோம், அமிர்தம். அத்தை மாமாவோடு கார்த்திகைவரை பேசவில்லை என்று கேள்வி.

ஒரு குடிநீர் பலகாரத்துக்கு என்னவெல்லாம் செய்யும் என்பது அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. அதுவரை எது எதோடு நன்றாக இருக்கிறது என்று குருட்டாம்போக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, இந்த இலை நாக்கை என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க ஆரம்பித்தேன். டீயைத் தனியாக ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கு என்ன கேட்கிறது என்று பார்த்த பிறகுதான் சம்படத்தைத் திறப்பேன். சிறுகுறிஞ்சானோடு இப்போது உப்பும் ஓமமும் போட்ட தட்டை மட்டும்தான்.

புதினாவை எடுத்துக்கொள்ளுங்கள். சூடாகக் குடித்தாலும் வாய் குளிர்கிறது. மெந்தால் குளிர்ச்சியை உணர்கிற வாசலைத் திறந்துவிடுவதால் அப்படி. சுக்கோடு மல்லுக்கு நின்ற அதே சாத்தூர் சேவு புதினா டீயோடு சமாதானமாகப் போய்விடுகிறது. உறைப்பு ஏறும், குளிர்ச்சி இறக்கும். கை தானாக மறுபடி தட்டுக்குப் போகும். ஆனால் வயிறு முட்ட பஜ்ஜி தின்றுவிட்டுப் புதினா டீ குடிப்பது எனக்கு ஆகாது. உணவுக்குழாயின் அடியில் இருக்கிற தசை வளையத்தைப் புதினா தளர்த்திவிடும். எண்ணெய்ப் பண்டத்தின்மேல் ஊற்றினால் புளித்த ஏப்பம் ராத்திரிவரை துணைக்கு வரும். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் கவனம்.

பஜ்ஜிக்குப் புளிப்பு வேண்டும். கடைகளில் ஹைபிஸ்கஸ் டீ என்று வருவது பெரும்பாலும் நம் வாசலில் பூக்கிற செம்பருத்தி இல்லை. அதன் சொந்தக்காரச் செடி ஒன்றின் சிவந்த புல்லிவட்டம், புளிச்சக்கீரைக்கு உறவு. அதன் புளிப்பு எண்ணெயை அறுக்கிறது. வீட்டுச் செம்பருத்தி என்றால் எலுமிச்சை பிழிந்தாக வேண்டும். பிழிந்ததும் மங்கின ஊதா பளீரென்று சிவப்பாவதைப் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டும். சங்குப்பூவும் இந்த வித்தையைக் காட்டும், நீலம் ஊதாவாகும். ருசி என்று கேட்டால் சங்குப்பூவில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. போட்டோவுக்கு நல்ல டீ. புளித்த டீ எதையும் பால்கோவாவோடு மட்டும் வைக்காதீர்கள், வாயிலேயே பால் திரிந்த ருசி வரும்.

பால் இனிப்புக்கு நான் வைத்திருப்பது நன்னாரி. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நன்னாரியைச் சர்பத்தாகத்தான் எல்லாருக்கும் தெரியும். வேரை இடித்துக் கொதிக்கவைத்து, சர்க்கரை போடாமல் சூடாகக் குடித்துப் பாருங்கள், வெனிலா வாசம் வரும். காரணமும் இருக்கிறது. நன்னாரிக்கு வாசம் தருகிற பொருளும் வெனிலாவுக்கு வாசம் தருகிற வெனிலினும் ஒரே அணுக்களை வேறு விதமாக அடுக்கியவை. ஆக, வெனிலா எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் நன்னாரி போகும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கேக், பன் வெண்ணெய், ஊட்டி வர்க்கி. வர்க்கியை நன்னாரிக் கஷாயத்தில் முக்கித் தின்பதைப் பார்த்து என் மகன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு கேட்டு வாங்கித் தின்றான்.

துளசியில் இருக்கும் யூஜெனால்தான் கிராம்பிலும் இருக்கிறது. அதனால் அது அதிரசம், வெல்ல அப்பம் பக்கம் சாயும். எலுமிச்சைப்புல் தேங்காய் பர்பியோடு. அதிமதுரம் தானே இனிப்பு, அதற்கு உப்புக்கடலை போதும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதைத் தினமும் குடிக்கக் கூடாது, அழுத்தத்தை ஏற்றும்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது என் மனைவிக்கு ரத்தம் குறைவு என்று பரிசோதனையில் வந்தது. இரும்புச்சத்து மாத்திரையோடு முருங்கைக்கீரை அடையும் வாரத்தில் பல நாள். அடையோடு புதினா டீ அருமையாகச் சேரும் என்று நான்தான் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த முறை போனபோது மருத்துவர், "சாப்பாட்டோடு என்ன குடிக்கிறீங்கம்மா?" என்று கேட்டார். "டீ, காபி எல்லாம் இல்லை டாக்டர், மூலிகை டீதான்" என்றாள் இவள், நல்ல பெயர் கிடைக்கும் என்ற நம்பிக்கையில். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னதை நானும் பின்னால் தேடிப் படித்தேன். தாவர உணவில் இருக்கும் இரும்பை டீ தடுப்பது போலவே சில மூலிகை டீக்களும் தடுக்கின்றன. 1999-இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷனில் வந்த ஆய்வில், ரொட்டியோடு குடித்தபோது புதினா வகையைச் சேர்ந்த பெப்பர்மின்ட் டீ இரும்பு உறிஞ்சப்படுவதை 84 சதவீதமும், கெமோமைல் 47 சதவீதமும் குறைத்திருக்கின்றன. நாக்குக்குச் சேர்வது எல்லாம் ரத்தத்துக்குச் சேராது போலும். இப்போது கீரை அடை அன்று அவளுக்கு நெல்லிக்காய்ச் சாறுதான். வைட்டமின் சி இரும்பு ஏறுவதற்கு உதவும். புதினா டீ ஒன்றரை மணி நேரம் கழித்து, தனியாக.

அவளுக்கு என் மேல் ஒரு சந்தேகம் உண்டு. இந்த ஆராய்ச்சி எல்லாம் பலகாரம் கேட்பதற்கு ஒரு சாக்கு என்பாள். "டீயைக் குடிங்க, யாரு வேண்டாம்னா? அதுக்கு எதுக்கு மூணு சம்படம் திறக்கணும்?" நியாயமான கேள்வி. சம்படத்துக்கு ஒரு பிடி என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சுண்டல் அன்று மட்டும் கணக்கில்லை. சுண்டலுக்குச் சரியான துணை இன்னும் அமையவில்லை. மாங்காய்த் துண்டும் தேங்காயும் போட்டுவிட்டால் அது எந்த டீயையும் பக்கத்தில் சேர்ப்பதில்லை. மாடி வீட்டு அக்கா மல்லித் தண்ணியில் கொஞ்சம் சீரகம் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை பார்க்க வேண்டும்.